மண்ணின் கடன் தீர்த்த மாமனிதர்

கடன் வாங்கியவன் அதனைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்பதை யாவரும் அறிவர். விளைவு தந்த நிலத்திற்கும் மனிதன் கடன்பட்டவனே என்பதையும், அக்கடன் தீராதாயின் நிலமும் அதனை நம்பிய குடிகளும் ஒருங்கே நலிவுறும் என்பதையும் உணர்வார் சிலரே. அவ்வுண்மையைத் தாம் உணர்ந்ததோடு அமையாது, எழுத்தறியா ஏழை உழவரும் உணருமாறு விளக்கி, அக்கடனைத் தீர்க்கும் வழியையும் செய்து காட்டிய பெரியார் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அடிமைத் தாயின் மகனாய்ப் பிறந்து வேளாண் அறிஞராய் உயர்ந்த அவர், ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் ஆவார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய மிசூரியில், டயமண்டு என்னும் சிற்றூரை அடுத்து மோசஸ் கார்வர் என்னும் வெள்ளையர் பண்ணை வைத்து வாழ்ந்துவந்தார். அவர் 1855 ஆம் ஆண்டில் மேரி என்னும் கறுப்பினச் சிறுமியை 700 டாலர் விலை கொடுத்து வாங்கினார். ஆடுமாடுகளைப் போல மனிதரை விற்பதும் வாங்குவதும் அந்நாளில் அங்குச் சட்டத்திற்கு ஒத்த செயல்களாகவே இருந்தன. அம்மேரியின் வயிற்றில் 1864 ஆம் ஆண்டையொட்டி ஜார்ஜ் பிறந்தார். அடிமைகளின் பிறந்த நாளைக் குறித்துவைக்கும் வழக்கம் இன்மையால், அவர் பிறந்த நாள் எவராலும் எழுதப்படவில்லை.

அஃது உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலம். அடிமைகளைக் கவர்ந்து சென்று அயலிடங்களில் விற்கும் கொள்ளையர் ஒருநாள் அப்பண்ணையுட் புகுந்தனர். மேரியையும் கைக்குழந்தையாயிருந்த ஜார்ஜையும் தூக்கிச் சென்றனர். மோசஸ் கார்வர் ஆள்விட்டுத் தேடச் செய்தார். நோயுற்று நலிந்திருந்த குழந்தை மட்டும் கிடைத்தது. குழந்தையை மீட்டுத் தந்தவருக்கு அவர் குதிரையொன்றைக் கைம்மாறாக ஈந்தார் என்பர். தாய் மேரி என்ன ஆயினள் என்பது பின்னர் ஒருபோதும் தெரியவரவில்லை. தந்தையையும் அறியாத அக்குழந்தையை மோசசும் அவர்தம் மனைவி சூசனும் வளர்த்தனர். 1865 ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்த பின்னரும் ஜார்ஜ் அவர்கள் இல்லத்திலேயே வளர்ந்துவந்தார்.

மெலிந்த உடலினராதலின் ஜார்ஜ் வயல் வேலைக்கு உரியராகவில்லை. அடுக்களைப் பணியும் ஆடை வெளுத்தலும் தையலும் கற்றுக்கொண்டார். ஓய்வு நேரங்களில் அருகிருந்த காட்டிற்குச் சென்று செடிகொடிகளைக் கண்டு மகிழ்ந்தார். வாடிய செடி எதனையும் அவர் விடுவதில்லை; மண்ணை மாற்றியும், வெயில் நிழல் பார்த்து இடம் பெயர்த்தும், பூச்சியை அகற்றியும் அதனைத் தழைக்கச் செய்வார். ஊரார் அச்சிறுவரைச் செடி மருத்துவர் என்றே அழைக்கத் தலைப்பட்டனர்.

அவ்வூர்ப் பள்ளியில் கறுப்பினச் சிறார்க்கு இடமில்லை. ஆதலின், கல்வி வேட்கை உந்த, ஜார்ஜ் எட்டுப் பத்து மைல் தொலைவிலிருந்த நியோஷோ என்னும் ஊருக்குத் தனியே சென்றார். அங்கு மரையா வாட்கின்ஸ் என்னும் கறுப்பின மூதாட்டி அவருக்கு உணவும் உறையுளும் தந்து பள்ளிக்கு அனுப்பினார். கற்பன யாவும் கற்று, கற்ற கல்வியை நம் மக்களுக்குத் திருப்பித் தருதல் வேண்டும் என்று அம்மூதாட்டியார் சிறுவருக்கு அறிவுறுத்தினார். அவ்வறிவுரை பசுமரத்தாணிபோல் அவர் உள்ளத்திற் பதிந்தது.

அதன்பின் பல ஆண்டுகள் ஊர்ஊராய் அலைந்து, சமையல் செய்தும் துணி வெளுத்தும் பொருளீட்டிப் படித்தார். கான்சசு மாநிலத்துக் கல்லூரி ஒன்று அவருடைய மடலைக் கண்டு சேர இசைவளித்தது. நேரிற் சென்றபோது, அவருடைய நிறத்தைக் கண்டு இடமில்லையென மறுத்துவிட்டது. அவர் மனமுடைந்து கல்வியைக் கைவிட்டாரல்லர். சிறிது காலம் மரமற்ற புல்வெளிப் பகுதியில் நிலம் பெற்று, புற்கட்டிகளால் குடில் எழுப்பி, உழுது வாழ்ந்தார். 1890 ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்துச் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அவர் வரைந்த செடிகளின் உயிர்ப்பைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட், பயிர்நூல் பயிலுமாறு அவரைத் தூண்டினார். அவ்வாறே 1891 இல் அயோவா மாநில வேளாண் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியின் முதற் கறுப்பின மாணவர் அவரே. பின்னர் அங்கு ஆசிரியப் பணியேற்ற முதற் கறுப்பினத்தவரும் அவரே. 1894 இல் இளநிலைப் பட்டமும், 1896 இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

கார்வர் கல்வி கற்ற அக்காலம் மண்ணைப் பற்றிய அறிவு பெருகிய காலமாகும். அவர் பின்னாளில் ஆற்றிய தொண்டின் அருமையை உணர்தற்கு, அவ்வறிவின் சாரத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் என்னும் வாயு உள்ளது. உயிர்களின் தசைக்கும் குருதிக்கும் இன்றியமையாத புரதம் நைட்ரஜனின்றி அமையாது. செடி பசுமையாய்த் தழைப்பதற்கும் அதுவே வேண்டும்; ஆதலின் உழவர் அதனைத் தழைச்சத்து என்பர். ஆயினும், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடியோ விலங்கோ நேரே கொள்ளும் ஆற்றல் உடையதன்று. அவ்வாயுவின் அணுக்கள் இரண்டிரண்டாய் இறுகப் பிணைந்திருத்தலே அதற்குக் காரணம். பூட்டிய களஞ்சியத்தின் வாயிலில் பசித்து நிற்பாரைப் போலச் செடிகள் காற்றுவெளியில் நிற்கின்றன.

அப்பூட்டைத் திறப்பன எவை? மின்னலின் வெம்மை சிறிதளவு திறக்கும். ஆயின், பெரும்பணியைச் செய்வன கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே. அவரை, பயறு, கடலை முதலிய செடிகளைப் பறித்துப் பார்த்தால், வேர்களிற் சிறுசிறு முடிச்சுகள் காணப்படும். அம்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிணித்துச் செடிக்கு உதவும் சத்தாக்கித் தருகின்றன. செடி தன் இலையில் ஆக்கிய சர்க்கரையை அவற்றிற்கு உணவாக ஊட்டுகிறது. செருமானிய அறிஞர் ஹெல்ரீகல் இவ்வுண்மையை 1886 இல் உலகிற்கு வெளியிட்டார். கார்வர் வேளாண் கல்லூரியிற் புகுந்த ஆண்டில் இது புத்தம் புதிய கல்வியாகும்.

இங்ஙனம் மண்ணிற்கு வந்த நைட்ரஜன் ஓரிடத்தே நில்லாது. செடியை ஆடுமாடு தின்னுகிறது. அவற்றின் பாலையும் ஊனையும், செடி தந்த கூலத்தையும் பயற்றையும் மனிதன் உண்ணுகிறான். சாணமும் சிறுநீரும் உதிர்ந்த சருகும் மடிந்த உடலும் மண்ணை அடைகின்றன. அவற்றை நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. வேறு நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நைட்ரேட்டை வேர்கள் நீரோடு உறிஞ்சிக்கொள்கின்றன. காற்றுப் புகாத ஈர நிலத்தில் வாழும் இன்னொருவகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜனை மீளவும் காற்றில் விடுகின்றன. காற்றிலிருந்து மண்ணிற்கும், மண்ணிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து விலங்கிற்கும், விலங்கிலிருந்து மீண்டும் மண்ணிற்கும் காற்றிற்குமாக இச்சக்கரம் ஓயாது சுழல்கின்றது. விளைந்ததையெல்லாம் வெளியூருக்கு விற்று, மண்ணிற்கு ஒன்றும் திருப்பாதவிடத்து வயலில் இச்சக்கரம் தடைப்படுகின்றது. தடைப்பட்ட நிலம் கடன்பட்ட நிலமாகும்.

அத்தகைய நிலத்தைத்தான் கார்வர் கண்முன்னே கண்டார். அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் ஊரில் கறுப்பின மக்களுக்கென 1881 முதற் கல்வி நிலையம் நடத்திவந்த புக்கர் வாஷிங்டன் என்னும் பெரியார், தம் நிலையத்தின் வேளாண் துறைக்குத் தலைமை ஏற்குமாறு அவரை அழைத்தார். அயோவாவில் ஆய்வுக்கூடமும் நற்பெயரும் அமைந்திருந்தும், மரையா அம்மையாரின் அறிவுரையை மறவாத கார்வர், 1896 இல் டஸ்கீகியை அடைந்தார். அங்கு ஆய்வுக்கூடம் என ஒன்று இல்லை. மாணவர்களோடு குப்பைமேடுகளுக்குச் சென்று எறியப்பட்ட புட்டிகளையும் குவளைகளையும் பொறுக்கிவந்து, அவற்றையே ஆய்வுக் கருவிகளாக்கிக்கொண்டார்.

சுற்றிலும் ஓயாத பருத்தி வயல்கள். பஞ்சில் நைட்ரஜன் மிகச் சிறிதே. அதன் விதையிலோ மிகுதி. விதையோடு கூடிய பருத்தி ஆண்டுதோறும் வயலைவிட்டு ஆலைக்குச் சென்றது. களை நீக்கிய வெற்று இடைவெளிகளில் மழைநீர் பாய்ந்து மேல்மண்ணை வாரிச் சென்றது. குன்றுச் சரிவுகளில் ஆள் உயரப் பள்ளங்கள் தோன்றின. நிலம் வெளிறிப்போயிற்று, விளைவு குன்றிற்று.

நிலத்தின் கடனோடு மக்களின் கடனும் பிணைந்திருந்தது. அடிமைத்தளை அறுந்தும் சொந்த நிலம் பெறாத கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் வாரத்திற்கு உழுதனர். விதைக்கும் கருவிக்கும் உணவுக்கும் வணிகரிடம் கடன் பெற்றனர். விளையப்போகும் பருத்தியே அதற்கு ஈடு. பருத்தியே எளிதில் விலைபோகும் ஆதலின், பருத்தியே பயிரிடல் வேண்டும் எனக் கடன் தந்தோர் வற்புறுத்தினர். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது, கடன் தீராது மிஞ்சும். அடுத்த ஆண்டும் பருத்தியே. அதற்கடுத்த ஆண்டும் பருத்தியே. வீட்டு வாயில்வரை பருத்தி நின்றமையால், காய்கறிக்கும் கறவைக்கும் இடமில்லாது போயிற்று. சோளமாவும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் வெல்லப்பாகுமே மக்களின் உணவாயின. மண்ணிற்கு இல்லாத தழைச்சத்தும், மக்களுக்கு இல்லாத புரதமும் உண்மையில் ஒன்றன் குறைபாடே என்பதைக் கார்வர் கண்டார். இவ்விரு பசியையும் ஒரு மருந்தாலேயே தீர்க்கக் கூடும் என்று துணிந்தார்.

அலபாமா அரசு 1897 இல் டஸ்கீகியில் ஆய்வுப் பண்ணையொன்றை ஏற்படுத்தி ஆண்டிற்கு 1,500 டாலர் அளித்தது. விலைக்கு விற்கும் உரங்களை ஏழை உழவர் வாங்க இயலாது. வாங்கினும் அது கடனை மேலும் பெருக்கும். ஆதலின், விலையில்லாப் பொருள்களையே கார்வர் நாடினார். காட்டில் உதிர்ந்த இலைச்சருகும், சதுப்பு நிலத்துக் கருஞ்சேறும், தொழுவத்து எருவும், வீட்டுக் கழிவும் அடுக்கடுக்காய்க் குவித்து மக்கச் செய்து நிலத்திற்கு இட்டார். 1898 இல் வெளிவந்த அவருடைய முதல் வெளியீடு, காட்டில் வீணே உதிரும் ஓக்கு மரக் கொட்டைகளைக் கால்நடைத் தீனியாக்கும் முறையைப் பற்றியதாகும். காட்டுச் சத்து விலங்கின் வழியே வயலை அடைய அஃது எளிய வழி.

எல்லாவற்றிலும் மேலாக, பருத்திக்கு மாற்றாகக் காராமணி முதலிய பயறு வகைகளைப் பயிரிட்டுக் காட்டினார். காய்களைப் பறித்தபின் கொடிகளை மடக்கி உழுது மண்ணோடு சேர்க்குமாறு கூறினார். காற்றுக் களஞ்சியத்திலிருந்து வேர்முடிச்சுகள் கொணர்ந்த தழைச்சத்து மண்ணில் தங்கிற்று. பறித்த காயோ குழந்தைகளின் வயிற்றுக்கு உணவாயிற்று. வீண் என்று கைவிடப்பட்ட நிலத்தில் ஆண்டுக்காண்டு விளைவு பெருகுவதைக் கண்டோர் வியந்தனர். சாரமிழந்த நிலங்களை வளப்படுத்தும் முறையை விளக்கி 1905 இல் அவர் வெளியீடு ஒன்று எழுதினார். உழவருக்குப் பயிரிடும் முறை, ஆசிரியருக்கு அதன் அறிவியல், இல்லத்தரசியருக்குச் சமைக்கும் வகை என முத்திறத்தாருக்கும் பயன்படுமாறு தம் வெளியீடுகளை எளிய நடையில் அமைத்தார். 1898 தொடங்கி 1943 வரை இத்தகைய வெளியீடுகள் நாற்பதிற்கு மேற்பட்டன வந்தன.

எழுத்தறியாதார்க்கு ஏடு எவ்வாறு பயன்படும்? அதனையும் கார்வர் எண்ணிப் பார்த்தார். உழவர் பள்ளிக்கு வாராராயின், பள்ளி உழவரிடம் செல்க என்று கருதி, கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்றை வகுத்தார். நியூயார்க்குச் செல்வர் மாரிஸ் ஜெசப் பொருளுதவி புரிய, 1906 இல் ஜெசப் வண்டி எனப் பெயர் பெற்ற அந்நடமாடும் பள்ளி சிற்றூர்தோறும் சென்றது. உழும் முறையும் உரமிடும் முறையும் உழவர்தம் வயலிலேயே செய்து காட்டப்பெற்றன.

ஆயினும், அவர் சொல் எங்கும் ஒருங்கே பயன் விளைத்தது என்று கூறுதல் மிகையாகும். கடன் தந்தோர் இசைவின்றி வேறு பயிரிடும் உரிமை வாரக்குடிகளுட் பலருக்கு இல்லை. நிலவுடைமையும் வட்டியும் பற்றிய அக்கொடிய கட்டை உடைக்கும் ஆற்றல் ஓர் ஆசிரியருக்கு ஏது? கார்வர் தம்மால் இயன்றதையே செய்தார். வீட்டைச் சூழ்ந்த துண்டு நிலத்திலேனும் பயறும் கீரையும் கிழங்கும் பயிரிடுமாறும், ஒரு பன்றியேனும் சில கோழிகளேனும் வளர்க்குமாறும், கடைக்காரரிடம் வாங்கும் உணவைக் குறைக்குமாறும் வேண்டினார். கடன் ஒரு டாலர் குறையினும் அது விடுதலையின் ஒரு படியே என்பது அவர் கருத்து.

இந்நிலையிற் பருத்திக்கே பகையாய் ஒரு வண்டு தோன்றிற்று. நீண்ட மூக்கால் பருத்தி மொட்டையும் காயையும் துளைத்து முட்டையிடும் அச்சிறுவண்டு, மெக்சிகோ நாட்டிலிருந்து 1892 அளவில் டெக்சாசுள் நுழைந்து, ஆண்டுதோறும் கிழக்கே பரவி, 1910 ஐ ஒட்டி அலபாமாவை அடைந்தது. பருத்தி வயல்கள் பாழாயின. பருத்தியை விட வழியில்லை என்றிருந்தோரும் வேறு பயிரை நாடினர். நிலக்கடலை அவர்களுக்குக் கைகொடுத்தது. அலபாமாவின் என்டர்பிரைசு என்னும் ஊரார், கடலை பயிரிட்டு வளம் பெற்றபின், தம்மை மாற்றுப் பயிருக்குத் திருப்பிய அவ்வண்டிற்கே 1919 இல் நினைவுத்தூண் எழுப்பினர்!

நிலக்கடலையும் காராமணி போலவே வேர்முடிச்சு உடையது. அதன் பருப்போ புரதமும் எண்ணெயும் நிறைந்தது. விளைந்த கடலையை என் செய்வது என்னும் கேள்விக்கு விடையாக, அதனைச் சமைக்கும் 105 வகைகளைத் தொகுத்துக் கார்வர் 1916 இல் வெளியிட்டார். கடலையிலிருந்து பால், மாவு, சாயம் முதலாக முந்நூறு பொருள்கள் வரை அவர் செய்து காட்டினார் என்பர். அவற்றுட் பெரும்பாலான ஆலைப் பொருள்களாய் அங்காடிக்கு வரவில்லை. கடலைவெண்ணெயை முதற்கண் ஆக்கியவரும் அவரல்லர். எனினும், எளிய பயிரொன்றின் பெருமையை நாடறியச் செய்தமை அவர் செயலே.

1921 இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன், கடலை உழவர் சார்பில் அவர் பேச அழைக்கப்பட்டார். அவருக்கு அளிக்கப்பட்ட நேரம் பத்து நிமிடம். குழுவினருள் ஒருவர் அவருடைய இனத்தை எள்ளும் குறிப்புடன் வினவினார். கார்வர் சினந்திலர், தாம் கொணர்ந்த பொருள்களை ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டி விளக்கினார். எள்ள முற்பட்ட அவை செவிசாய்த்தது. நேரம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அயல்நாட்டுக் கடலைக்கு 1922 ஆம் ஆண்டுச் சட்டம் காப்பு வரி விதித்தது.

புகழ் பெருகியும் அவர் வாழ்வு மாறவில்லை. பழைய மேலாடையும், அதிற் செருகிய நாள்மலரும், விடியற்காலையிற் காட்டில் உலாவும் வழக்கமும் இறுதிவரை நிலைத்தன. மணம் செய்துகொள்ளாது, டஸ்கீகியிலேயே நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். தாம் சேமித்த பொருளை ஆய்வுப் பணிக்கென ஓர் அறநிலை ஏற்படுத்த அளித்துவிட்டு, 1943 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5 ஆம் நாள் உயிர் நீத்தார். புக்கர் வாஷிங்டனின் கல்லறை அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே, அவர் பிறந்த மிசூரிப் பண்ணை நாட்டின் நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. விலைக்கு வாங்கப்பட்ட தாயின் மகன் பிறந்த மண்ணை ஒரு நாடு முழுதும் போற்றலாயிற்று.

இன்று ஆலைகள் காற்றிலிருந்தே நைட்ரஜன் உரத்தை ஆக்குகின்றன. அதனால் விளைவு பெருகியது உண்மை. அளவின்றி இட்ட உரம் மழையோடு ஓடி ஆறுகளையும் ஏரிகளையும் கெடுப்பதும் உண்மை. ஆதலின், மண்ணிற்கு வேண்டுவது எவ்வளவு, அது சென்றடையும் இடம் எது என்று கணக்குப் பார்க்கும் அறிவு இந்நாளில் முன்னினும் மிகுதியாய் வேண்டப்படுகின்றது. எடுத்ததை உரிய அளவில் உரிய இடத்தில் மீளக் கொடுக்கும் அவ்வறிவையே கார்வர் பருத்தி வயல்களிடையே கற்பித்தார். கற்ற கல்வியைத் தம் மக்களுக்கும், பெற்ற சத்தை மண்ணிற்கும் திருப்பித் தந்து, இரு கடனையும் ஒருசேரத் தீர்த்தமையே அவருடைய வாழ்வின் பெருமையாகும்.